எல்லைப்புறத்தில் ஒரு சட்ட மேசை

கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் சூளகிரிக் குன்றைக் கடந்ததும் காற்று குளிரத் தொடங்குகிறது. ஓசூர், கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்த மேட்டு நிலம். ரோஜாத் தோட்டங்களும், மத்திகிரிக் கால்நடைப் பண்ணையும், சந்திரசூடேசுவரர் மலையுமே ஒரு காலத்தில் இவ்வூருக்கு அடையாளங்கள். மூதறிஞர் இராசாசி பிறந்த தொரப்பள்ளி அருகிலேயே உள்ளது. அவரும் சேலத்தில் வழக்கறிஞராய்த் தொழில் நடத்தியவர் என்பதை நினைவுகூர்வது இங்குப் பொருந்தும். நாம் எழுத முற்பட்டதும் ஒரு வழக்கறிஞரின் பணியைப் பற்றியே. கடைத்தெருவில் தமிழில் விலை கேட்டால் தெலுங்கில் விடை வரும். மீதிச் சில்லறை கன்னடத்தில் எண்ணப்படும். இதனை அவ்வூரார் ஒரு விந்தையாக எண்ணுவதில்லை.

1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை இங்கு வந்தது. 1980-இல் அசோக் லேலண்டு ஆலை. அதே ஆண்டில் டி.வி.எஸ். 50 வண்டி, பின்னர் டைட்டன் கைக்கடிகாரம். இந்நாளில் கெலமங்கலம் பக்கம் கைப்பேசி உறுப்புகள் செய்யும் பெரும் ஆலையும், பர்கூருக்கு அப்பால் போச்சம்பள்ளியில் மின்சார ஸ்கூட்டர் ஆலையும் எழுந்துள்ளன. அதிகாலை ஐந்தரை மணிக்கு ஓசூர்ப் பேருந்து நிலையத்தருகே நிற்பவர் இந்திய நாட்டின் பாதி மொழிகளையேனும் கேட்கலாம். ஒடிசா, அசாம், பீகார், ஜார்க்கண்டு என எங்கெங்கிருந்தோ வந்த இளைஞரும் இளம்பெண்களும் கழுத்தில் அடையாள அட்டையுடன் ஆலைப் பேருந்துகளில் ஏறுகின்றனர். அத்திப்பள்ளி எல்லையைக் கடந்து கருநாடகத்துக்கு வேலைக்குப் போவோரும், அங்கிருந்து இங்கு வருவோரும் நாள்தோறும் பல்லாயிரவர். எவரையும் எவரும் நிறுத்தி, நீ எந்நாட்டான் என்று கேட்பதில்லை. நாட்டின் எப்பகுதிக்கும் செல்லவும், எங்கும் குடியிருக்கவும், எத்தொழிலையும் செய்யவும் அரசியலமைப்பின் 19-ஆம் பிரிவு உரிமை அளிக்கிறது. ஆனால் அப்பிரிவு அதனைக் குடிமக்களுக்கு மட்டுமே அளிக்கிறது என்பதை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. கவனிக்கும் தேவை நமக்கு நேர்ந்ததில்லை.

அப்பேருந்துக் கூட்டத்தில், தூய தமிழ் முகத்தோடும் தமிழ்ப் பேச்சோடும் நின்று, சட்டத்தின் பார்வையில் மட்டும் அயலாராய் இருப்போர் சிலர் உண்டு. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இலங்கைத் தமிழர் முகாம்கள் உள்ளன. ஊத்தங்கரைப் பக்கம் பாம்பாறு அணையோரத்தில் இருப்பது அவற்றுள் ஒன்று. 1983 ஜூலையில் கொழும்பிலும் பிற இடங்களிலும் தமிழர் வெட்டுண்டபோது தொடங்கிய படகுப் பயணம், போர் ஓய்ந்தும் மூண்டும் வந்த காலமெல்லாம் தொடர்ந்தது. இராமேசுவரக் கரையில் இறங்கியோரை மண்டபம் முகாமில் பதிந்து, பின்னர் மாவட்டந்தோறும் பிரித்தனுப்பினர். 2021-ஆம் ஆண்டுக் கணக்கின்படி தமிழகமெங்கும் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் ஏறத்தாழ 58,000 பேர் வாழ்ந்தனர். அவ்வாண்டு தமிழக அரசு இவற்றுக்கு மறுவாழ்வு முகாம்கள் எனப் பெயர் சூட்டி, 317 கோடி ரூபாயில் நலத்திட்டங்களையும் 7,469 புதிய வீடுகளையும் அறிவித்தது. ஒற்றை அறைத் தகரக் கொட்டகைகளைக் கண்டவர்கள் இன்று சில முகாம்களில் எழுந்துள்ள வீடுகளைக் கண்டால் மகிழ்வர். நாமும் மகிழ்ந்தோம். வீடு கிடைத்தது, நாடு கிடைக்கவில்லை.

நாம் சென்று வந்த முகாம் எதுவெனச் சொல்லப்போவதில்லை. அங்குள்ள சிலருடைய விண்ணப்பங்கள் நிலுவையில் உள்ளன. ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதுகையில் அடையாளம் தோன்றாதிருக்கச் சில விவரங்களை மாற்றியுமிருக்கிறோம். ஆண்டுகளை மட்டும் மாற்றவில்லை. ஏனெனில் இக்கதை முழுவதும் ஆண்டுகளின் கதை.

முகாமின் பொதுக்கூடத்தில் மாதத்திற்கு இருமுறை ஞாயிறன்று பிற்பகல் ஒரு மேசை போடப்படுகிறது. வேலைக்குப் போவோர் அன்றுதான் இருப்பர். ஆடவரில் பெரும்பாலோர் வண்ணம் அடிக்கும் தொழிலினர். பிள்ளைகள் ஓசூர் ஆலைகளில் ஒப்பந்த வேலையில் இருக்கின்றனர். மேசையில் அமர்வோர் மூவர், சட்டம் பயின்று சில ஆண்டுகளே ஆன இளைஞர்கள். கூலி வாங்காது எழுதிக் கொடுப்பவர்கள். அவர்களுக்குப் பின்னால், சுவரோரமாகத் தனி நாற்காலியில் ஐம்பது வயது கடந்த ஒரு வழக்கறிஞர் அம்மையார் அமர்ந்திருப்பார். அவர் எவரிடமும் நேரில் விவரம் கேட்பது அரிது. இளையோர் எழுதிக் கொணரும் ஒவ்வொரு தாளையும் வாசித்து, சிவப்பு மையில் வட்டமிட்டுத் திருப்பி அனுப்புவதே அவர் வேலை. முதன்முறை கண்டபோது, இவர் ஏன் சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்றே நமக்குத் தோன்றியது. ஒரு மணி நேரம் அருகில் இருந்தபின் அந்த நாற்காலியின் எடை விளங்கிற்று.

அவர் வைத்துள்ள ஒழுங்குகள் சில. மூலப் பத்திரம் எதுவும் இரவு தங்கக் கூடாது; ஜெராக்ஸ் எடுத்து அன்றே திருப்பித் தந்துவிட வேண்டும். எழுதியதைத் தமிழில் முழுவதும் உரக்க வாசித்துக் காட்டிய பின்னரே கையொப்பமோ கைரேகையோ பெற வேண்டும். கணவனும் மனைவியும் ஒரே விவரத்தைச் சொன்னாலும் தனித்தனியே கேட்க வேண்டும். ஒவ்வொரு கோப்பின் மேலும் ஒரு தாள். அதில் குடும்பத்தார் ஒவ்வொருவரும் பிறந்த நாளும் பிறந்த இடமும், அதைச் சொல்லும் காகிதம் எது என்பதும். “தம்பி, இந்தத் தேதி யார் சொன்னது? அந்த அம்மா சொன்னதா, காகிதம் சொன்னதா?” என்று அவர் கேட்கும்போது இளைஞர் தலைகுனிந்து மீண்டும் மேசைக்குப் போவார். ஒருமுறை இளைஞர் ஒருவர், கிறிஸ்துமசுக்குள் பாஸ்போர்ட் வந்துவிடும் என்று ஒரு தாய்க்கு ஆறுதல் சொல்லிவிட்டார். அம்மையார் அவரை வெளியே அழைத்துப் போய்ப் பேசினார். பேசியது நம் காதில் விழவில்லை. திரும்பி வந்த இளைஞர் அத்தாயிடம் சென்று, தாம் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று தாமே கூறினார்.

தேதிக்கு ஏன் இத்தனை மதிப்பு? 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தில் பிறப்புக்கு மூன்று படிகள் உண்டு. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்தவர், தூதரக அதிகாரிகளின் மக்கள் போன்ற சிலர் நீங்கலாக, பெற்றோர் எந்நாட்டவராயினும் இந்தியக் குடிமகனே. 1987 ஜூலை 1 முதல், பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருத்தல் வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் மூன்றாவது படி: பெற்றோரில் ஒருவர் குடிமகனாய் இருந்தால் மட்டும் போதாது, மற்றவர் உரிய அனுமதியின்றிக் குடியேறியவராய் இருத்தலும் ஆகாது. படகில் வந்து இறங்கியோரையும் நடுவண் அரசு அவ்வாறே கருதி வந்திருக்கிறது. பங்குப் பெற்றோர் இந்த மூன்றாம் படியைக் கருத்தில் கொள்வது நல்லது. நம் பங்கு இளைஞர் முகாம்ப் பெண்ணை மணப்பது இப்போது புதிதல்ல. ஆலயத்தில் ஓதப்படும் திருமணம் நிறைவானதே. ஆனால் பிறக்கும் குழந்தையின் குடியுரிமை குறித்து மணமுன் பயிற்சியில் எவரும் ஒரு சொல்லும் சொல்வதில்லை.

மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த ஒரு பெண் பாஸ்போர்ட் கேட்டபோது மறுக்கப்பட்டது. அவர் வழக்குத் தொடுத்தார். 2022 ஆகஸ்டில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அவர் பிறப்பால் இந்தியக் குடிமகள் என்று தீர்ப்பளித்தது. 2024 ஏப்ரலில் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் அவர் வாக்களித்தார் என்பதைச் செய்தித்தாள்களில் வாசகர்கள் படித்திருக்கலாம். சட்டம் புதிதாய் எதையும் வழங்கவில்லை; அவர் பிறந்த அன்றே அவருடையதாய் இருந்ததைத்தான் நீதிமன்றம் சொல்லிற்று. புனித சின்னப்பரைச் சாட்டையால் அடிக்கக் கட்டியபோது, தாம் உரோமைக் குடிமகன் என்று அவர் உரைத்ததும், படைத்தலைவன் தான் பெருந்தொகை கொடுத்து அவ்வுரிமையை வாங்கியதாகச் சொன்னதும் திருத்தூதர் பணி நூலில் வருகின்றன. சின்னப்பரோ பிறப்பாலேயே அதனை உடையவர். கட்டியவர்கள் அஞ்சி விலகினர். உரிமை முன்னரே இருந்தது. அதை எடுத்துச் சொல்லும் நாவு வேண்டியிருந்தது.

நாம் சொல்லவந்த குடும்பம் மன்னாரைச் சேர்ந்தது. தலைமுறை தலைமுறையாய்க் கத்தோலிக்கர். தாயும் தந்தையும் 1983 ஆகஸ்டில் படகேறினர். அப்போது தாய் கருவுற்றிருந்தாள். மூத்த மகள் 1984-இல் மண்டபத்தில் பிறந்தாள். இம்முகாமுக்கு வந்தபின் 1988-இல் மகன் பிறந்தான். மகள் 2003-இல் முகாமிலேயே ஓர் இளைஞரை மணந்தாள். அவளுக்கு 2004 செப்டம்பரில் ஒரு பெண்ணும் 2007-இல் ஒரு பையனும் பிறந்தனர். இப்போது அந்த மூன்று படிகளையும் இக்குடும்பத்தின்மேல் வைத்துப் பாருங்கள். 1984-இல் பிறந்த மகள் குடிமகள் என்று மெய்ப்பிக்கப்பட்டால், 2004 செப்டம்பரில் பிறந்த பேத்தியும் குடிமகளாவாள். அவள் மூன்றாம் படிக்கு மூன்று மாதம் முன்னதாகப் பிறந்தவள். 2007-இல் பிறந்த பேரனோ வெளியே நிற்பான். 1988-இல் பிறந்த மாமனும் வெளியே நிற்பான். ஒரே அடுப்பில் உண்பவர்கள்!

பேத்தி டிப்ளமோ முடித்து ஓசூரில் ஓர் ஆலையில் ஒப்பந்தத்தில் இருக்கிறாள். நிரந்தர வேலைக்கு அழைத்தபோது கேட்ட காகிதங்களில் ஒன்று அவளிடம் இல்லை. அவள் எதிர்காலம் முழுவதும், தன் தாய் எங்கே எப்போது பிறந்தாள் என்ற ஒரே வினாவில் தொங்கிற்று. அத்தாய்க்கோ பிறப்புச் சான்றிதழ் இல்லை. முகாமில் பிறந்த குழந்தையை 1984-இல் யார் எங்கே பதிந்தார்கள்?

பாட்டியை விசாரித்த இளைஞர் ஓசூர்க்காரர். வீட்டு மொழி தெலுங்கு. பாட்டி சொன்னது இது: “விபூதிப் புதனுக்கு ரெண்டு கிழமைக்கு முந்தித்தான் தம்பி பிள்ளை பிறந்தது.” இளைஞர் விபூதி என்றதும் சிவன் கோயில் திருவிழா என்று கொண்டார், இரண்டு கிழமை என்றதை இரண்டு நாள் என்று கொண்டார். அம்மையார் தாளை வட்டமிட்டு நம்மிடம் நீட்டி, “சாமி, இது உங்கள் துறை” என்றார். சாம்பல் புதனை இலங்கையில் இன்றும் விபூதிப் புதன் என்பர். நம் பாட்டிமாரும் அப்படித்தான் சொன்னார்கள். கிழமை என்பது அவர்கள் வழக்கில் வாரம். 1984-இல் உயிர்ப்பு ஞாயிறு ஏப்ரல் 22. ஆகவே சாம்பல் புதன் மார்ச் 7. இரண்டு வாரம் பின்னோக்கினால் பிப்ரவரி 22-ஐ ஒட்டிய நாள். குருமடத்தில் கற்ற நாட்காட்டிக் கணக்கு இப்படியொரு மேசையில் பயன்படும் என்று எவர் நினைத்தார்!

குழந்தைக்குத் திருமுழுக்கு எங்கே என்று கேட்டோம். மண்டபத்தை அடுத்த ஒரு கடற்கரைப் பங்கின் பெயரைப் பாட்டி தயங்காது சொன்னார். திருமுழுக்கு ஏட்டில் பெயர், பெற்றோர், ஞானப்பெற்றோர், திருமுழுக்கின் நாள், இடம் ஆகியவற்றோடு, பிறந்த நாளையும் பிறந்த இடத்தையும் குறிக்க வேண்டும் என்பது 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 877-ஆம் விதி. அத்தொகுப்பு நடைமுறைக்கு வந்தது 1983 திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறு, அதாவது நவம்பர் 27. இக்குழந்தையின் திருமுழுக்கு அதற்கு நான்கு மாதங்களுள். நாம் அப்பங்கின் இன்றைய தந்தைக்கு எழுதினோம். அவர் பழைய ஏட்டைத் தேடி, பக்கத்தின் நகலையும் சான்றிதழையும் அனுப்பினார். பிறந்த நாள் 1984 பிப்ரவரி 21. பிறந்த இடம் என்ற கட்டத்தில், மங்கிய நீல மையில் ‘மண்டபம் முகாம்’ என இரண்டு சொற்கள். அன்றைய தந்தை அவசரத்தில் அக்கட்டத்தை வெறுமையாய் விட்டிருக்கலாம். ஏட்டில் அதே பக்கத்தில் வேறு சில கட்டங்கள் வெறுமையாய்த்தான் இருந்தன.

எமது மகிழ்ச்சியை அம்மையார் பங்கிட்டுக்கொள்ளவில்லை. திருமுழுக்கு ஏடு ஒரு சான்று. அது மட்டும் போதாது என்றார். 1983-இல் வந்து இறங்கியதைக் காட்டும் முகாம்ப் பதிவு, பள்ளி மாற்றுச் சான்றிதழ், குடும்ப அட்டை எல்லாவற்றையும் கோத்துப் பார்த்தார். ஏட்டில் தாயின் பெயர் ஒருவிதமாகவும் முகாம் அட்டையில் வேறுவிதமாகவும் எழுத்துக் கூட்டப்பட்டிருந்தது. இரண்டும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதச் சொன்னார். நான்காம் முறை எழுதியதைத்தான் ஏற்றார்.

இதனினும் பெரியதொன்று நடந்தது. குழந்தைகள் எந்நாட்டுக்கும் இல்லாதவராய்ப் போகக்கூடாதென்று, முகாம் பிள்ளைகளின் பிறப்பைச் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தின் வழியே பதிவுசெய்யும் வழக்கம் உண்டு. இலங்கைச் சட்டப்படி வெளிநாட்டில் பிறந்த குழந்தையை ஓராண்டுக்குள் பதிய வேண்டும். பிந்தினால் தண்டமும் அலைச்சலும். வழக்கறிஞர் சந்திரகாசன் அவர்களின் முயற்சியால் 1984-இல் தோன்றிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் இப்பணியில் நெடுங்காலம் உழைத்திருக்கிறது. அது அகதிகளே அகதிகளுக்காக நடத்திய அமைப்பு. நற்பணிதான். ஆகவே மேசையிலிருந்த இளம்பெண் வழக்கறிஞர், இக்குடும்பத்தார் அனைவருக்கும் அவ்வாறே இலங்கைப் பதிவுக்கான விண்ணப்பங்களை எழுதி அடுக்கிக் கொணர்ந்தார். அம்மையார் இரண்டை மட்டும் உருவி எடுத்துத் தனியே வைத்தார்: மூத்த மகளுடையதும் பேத்தியுடையதும். தாமாக விரும்பி வேறொரு நாட்டின் குடியுரிமையைப் பெறுபவர் இந்தியக் குடியுரிமையை இழப்பார் என்பது நம் சட்டம். “இவர்கள் பிறப்பாலே இந்தியர் என்று நாளை நாம் வாதாடப் போகிறோம். இன்று இலங்கைக் குடியுரிமை கேட்டுக் கையெழுத்து வாங்கினால், எதிர்த்தரப்புக்கு நாமே வாள் கொடுத்ததாகும் அம்மா” என்றார். பேரனின் விண்ணப்பத்தையும் மாமனுடையதையும் அனுப்பச் சொன்னார். அவர்களுக்கு இப்போதைக்குத் திறந்திருப்பது அக்கதவு ஒன்றே. அன்று மாலை அந்த இரு தாள்களும் தபாலில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அக்குடும்பத்தார் அறியார். அவர்களுக்கு அது சொல்லப்படவுமில்லை.

2025 செப்டம்பர் முதல் நாளன்று, 1946-ஆம் ஆண்டு அயல்நாட்டார் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய குடிவரவு, அயல்நாட்டார் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதையொட்டி வந்த ஆணை, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவுபெற்ற இலங்கைத் தமிழர்களுக்குப் பாஸ்போர்ட்டும் விசாவும் இல்லாமைக்கான தண்டனையிலிருந்து விலக்கு அளித்தது. முகாமில் இனிப்பு வழங்கினார்கள். குடியுரிமை வந்துவிட்டதென்றே பலர் நினைத்தனர். அம்மையாரின் மாணாக்கர்கள் வீடுவீடாகச் சென்று, இது அச்சத்தை நீக்கும் ஆணையேயன்றிக் குடியுரிமை அன்று என்று விளக்க வேண்டியதாயிற்று. நல்ல செய்தியைக் குறைத்துச் சொல்லும் வேலை எளிதன்று. 2019-ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றோடு நின்றுவிட்டது. இலங்கையை அது சொல்லவில்லை.

முகாம்களில் மலையகத் தமிழரும் உளர். அவர்கள் கதை இதனினும் நெடியது. தேயிலைத் தோட்டத்துக்கு நம் மாவட்டங்களிலிருந்தே போனவர்களின் மக்கள். இலங்கையின் 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றோராக்கிற்று. 1964-இல் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்த உடன்பாடு 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் பாதி பாதியாய்ப் பிரித்தனர். தலைமன்னாருக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே ஓடிய கப்பல் 1984-இல் நின்றது. அதன்பின் படகில் வந்தவர் அகதியாய் எழுதப்பட்டார். பாட்டன் பிறந்த ஊர் சேலத்துக்கு அருகில் என்று சொல்லும் முதியவர் ஒருவரையும் கண்டோம். அவர் கோப்பு மேசையில் மிகத் தடித்த கோப்பு.

குருவானவருக்கு நீதிமன்றக் காகிதத்தில் என்ன வேலை என்று நம் பங்கில் ஒரு பெரியவர் கேட்டார். வெறுப்பாய்க் கேட்கவில்லை, உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டார். ஓசூரில் ஞாயிறு திருப்பலிக்கு வரும் ஜார்க்கண்டுப் பெண்களை அவருக்குக் காட்டினோம். ஒராவோன், முண்டா, கடியா இனத்தவர். முன்வரிசையில் முழந்தாளிட்டுச் செபிப்பவர்கள். அவர்களுடைய பாட்டன்மார் கத்தோலிக்கரானது எப்படி? 1885-இல் சோட்டா நாகபுரிக்கு வந்த பெல்ஜிய நாட்டு இயேசு சபைக் குரு கான்ஸ்டன்ட் லீவன்ஸ் அங்குள்ள நிலச் சட்டத்தைக் கற்று, ஜமீன்தார்களிடம் நிலமிழந்து வழக்கில் சிக்கிய பழங்குடியினருக்கு மனு எழுதித் துணைநின்றார். ஊர் ஊராய் மக்கள் அவரைத் தேடி வந்தனர். காசநோயால் நலிந்து 1893-இல், முப்பத்தேழு வயதில் மறைந்தார். பெரியவர் சற்று நேரம் பேசாதிருந்து, அந்தப் பெண்கள் தங்கியுள்ள விடுதியில் எல்லாருக்கும் வேலை ஒப்பந்தத் தாள் கொடுத்திருக்கிறார்களா என்று கேட்டார். நல்ல கேள்வி, அம்மையாரிடம் சொல்லியிருக்கிறோம்.

பங்குக் குடும்பங்கள் ஒன்று செய்யலாம். 1987 ஜூலைக்கு முன் முகாம்களில் பிறந்து, பின்னர் வேறு மாவட்டங்களுக்குப் பிரித்தனுப்பப்பட்டவர்கள் உங்கள் அன்பியத்தில் இருக்கக்கூடும். அவர்களுடைய திருமுழுக்கு எந்தப் பங்கில் நடந்தது என்று கேட்டு, முதியோர் உயிருடன் இருக்கும்போதே எழுதி வையுங்கள். சான்றிதழ் கேட்கையில் சுருக்கப் படிவம் வேண்டாம். பிறந்த இடத்தோடு கூடிய முழுப் பதிவின் நகலே வேண்டும் எனக் கேளுங்கள். பங்குத் தந்தையர்க்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. எனினும் கரையான் அரித்த ஏடுகள் நம் அலமாரிகளில் உண்டு என்பது நமக்குத் தெரிந்ததே.

அக்குடும்பத்தின் மனு சென்ற தவக்காலத்தில் கொடுக்கப்பட்டது. ஒருமுறை கூடுதல் ஆவணம் கேட்டுத் திரும்பி வந்தது, கேட்டதைக் கொடுத்தாயிற்று. இதை எழுதும் நாள்வரை விடை இல்லை. பேத்தி இம்மாதம் இரவு முறையில் இருக்கிறாள். அடுத்த மேசை வரும் ஞாயிறு மூன்று மணிக்கு. பாட்டி பழைய படம் ஒன்றைக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். 1984-இல் அந்தக் கடற்கரைக் கோயில் வாசலில் எடுத்ததாம். அதன் பின்புறத்தில் தேதி உண்டா என்று பார்த்துவரும்படி அம்மையார் கேட்டிருக்கிறார்.